அவன் வீட்டில்தான் இருக்கும்

அத்தியாயம் பதினொன்று

போன வாரம், கர்ட் பாவ்லிக்கின் வீட்டு வாசலில் மாநிலப் போலீஸின் துப்பறிவாளர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அங்கே விட்டிருந்தோம். தொப்பியைக் கழற்றிய போலீஸ்காரர் நல்ல சேதி கொண்டுவந்ததாக எங்கள் வெல்லர்மில்லில் யாருக்கும் நினைவில்லை.

அவர் வந்த விஷயம் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. மார்ச் மாதம், தவக்காலத்து வெள்ளிக்கிழமை, தீயணைப்புக் கூடத்து மீன் விருந்தில் ஏழு பேரைக் கொன்ற துப்பாக்கி யாருடையது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். அதில் பொறித்திருந்த எண்ணை யாரோ அரம் வைத்துத் தேய்த்திருந்ததால் மூன்று மாதம் பிடித்தது. விற்ற கடை மூடிப் பல வருஷம் ஆகிறது. ஏதோ கிடங்கில், பழைய பெட்டிக்குள் கிடந்த காகிதத்தில் வாங்கியவர் பெயர் இருந்தது. ரேமண்ட் பாவ்லிக். கர்ட்டின் அப்பா. அவர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம்.

சுட்டவனுக்குப் பத்தொன்பது வயது, பக்கத்து ஊர். எவனிடமோ வாங்கியிருக்கிறான். அவனும் அன்றைக்கே செத்துப்போனதால், எவனிடம் என்று சொல்ல ஆளில்லை. அவன் பெயரை இந்தத் தொடரில் எழுத மாட்டேன் என்று மார்சிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

மார்சி, கர்ட்டின் தங்கை. செத்த ஏழு பேரில் ஒருவன் அவளுடைய கணவன் நீல் ட்ரெஸ்லர். சமையற்கட்டில் ஏப்ரன் கட்டிக்கொண்டு மீன் பொரித்துக்கொண்டிருந்தான்.

பாவ்லிக் வீட்டுத் துப்பாக்கிகளைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அப்பா விட்டுப்போனது பதினொன்று. கர்ட்டும் தம்பி டேரிலும் அவற்றைப் பிரித்துக்கொள்ளவே இல்லை. கர்ட் வீட்டு அலமாரியில் நாலைந்து, டேரில் வீட்டில் நாலைந்து, மலைக்காட்டில் குடும்பத்துக்குச் சொந்தமான வேட்டைக் குடிசையில் மிச்சம். அந்தக் குடிசையைக் கேம்ப் என்பார்கள். யாருக்கு எது வேண்டுமோ எடுத்துக்கொண்டு போவார்கள். கேட்டுவிட்டு எடுத்தால்தான் மற்றவனுக்குக் கோபம் வரும். அண்ணன் தம்பிக்குள் என்ன கேள்வி? எங்கள் பக்கத்தில் பாதி வீடுகள் இப்படித்தான்.

போன அக்டோபரில், நரி சுடுவதற்காக அப்பா வாங்கிய கறுப்புத் துப்பாக்கி கர்ட்டின் பிக்கப் வண்டியில், சீட்டுக்குப் பின்னால் கிடந்தது. வண்டியைப் பூட்டும் வழக்கம் எங்கள் ஊரில் கிடையாது. ஒருநாள் பார்த்தால் அதைக் காணோம். டேரில் வீட்டில்தான் இருக்கும் என்று கர்ட் நினைத்துக்கொண்டான். அதன் பிறகு நன்றித் திருநாள் வந்தது, மான் வேட்டை வந்தது, கிறிஸ்துமஸ் வந்தது. அண்ணனும் தம்பியும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

துப்பறிவாளர் போன கையோடு கர்ட் தம்பிக்கு ஃபோன் போட்டான்.

"டேரில், அப்பாவோட கறுப்பு உங்கிட்டதான இருக்கு?"

கொஞ்ச நேரம் பதிலில்லை. "உங்கிட்டதான இருக்கு?" என்றான் டேரில். டேரில்தான் முதலில் வைத்தான். அதற்கப்புறம் எத்தனை தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை.

போகும்போது துப்பறிவாளர் இரண்டு விஷயம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். தொலைந்ததைச் சொல்லாமல் விட்டது நம் மாநிலத்தில் குற்றமில்லை, அதனால் பயப்பட வேண்டாம் என்பது ஒன்று. நாளை சாயங்காலம் ஏழு குடும்பத்துக்கும் தகவல் சொல்லியாக வேண்டும், தங்கைக்குக் கர்ட்டே சொல்வதாக இருந்தால் அதற்குள் சொல்லிவிட வேண்டும் என்பது இன்னொன்று.

அந்த நாளைதான் இன்று. இன்றைக்குத்தான் மார்சி தலைநகரத்துக்குப் போகிறாள். துப்பாக்கி தொலைந்தாலோ திருடுபோனாலோ மூன்று நாளுக்குள் போலீஸில் சொல்ல வேண்டும் என்று ஒரு மசோதா வந்திருக்கிறது. அதற்கு ஆதரவாகச் சட்டமன்றக் குழுவின் முன்னால் பேசப்போகிறாள். கூட்டிக்கொண்டு போவதாக மூன்று வாரம் முன்பே ஒத்துக்கொண்டிருந்தவன் கர்ட்.

*

காலை ஆறு மணிக்கு அவள் வாசல்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். நீலின் சாவுக்கு உடுத்திய அதே கருநீல உடை. அதைத் தவிர நல்ல உடை அவளிடம் கிடையாது. பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுபவளுக்கு அதற்கு மேல் எதற்கு என்று கேட்பாள்.

பிக்கப்பில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தி, சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். கர்ட் அந்தச் சீட்டையே பார்த்தான். மனைவியின் காரை எடுத்து வந்திருக்கலாம் என்று அப்போதுதான் தோன்றியது.

"மூஞ்சி ஏன் இப்டி இருக்கு? நீயா பேசப்போற?" என்றாள்.

"தூங்கல."

"நானும்தான். ஆனா நான் குளிச்சிட்டு வந்திருக்கேன்."

டர்ன்பைக் நெடுஞ்சாலையில் ஏறியதும் கைப்பையிலிருந்து ஒரு கத்தைச் சீட்டுகளை எடுத்தாள். தீயணைப்புக் கூடத்தில் மீன் ஆர்டர் எழுதும் சீட்டுகள். ஹாடக் மீன், முட்டைக்கோஸ் ஹாலுஷ்கி, மாக்கரோனி என்று ஒரு பக்கம் அச்சடித்திருக்கும். மிஞ்சிய கட்டுகளை நீல் வீட்டுக்குக் கொண்டுவந்து இழுப்பறையில் போட்டுவைப்பான். மறுபக்கத்தில் அவள் தன் பேச்சை எழுதியிருந்தாள்.

மூன்று நிமிஷம்தான் தருவார்கள். ஃபோனில் நேரம் வைத்துக்கொண்டு படித்தாள். ஒரு தரம் மூன்றே கால் வந்தது. ஒரு தரம் நீலின் பெயர் வந்த இடத்தில் குரல் நின்றுபோய் ஐந்து நிமிஷம் ஆனது. அழுது முடித்து, மூக்கைச் சிந்திக்கொண்டு, அந்த இடத்தை வேகமாகச் சொல்லிவிட வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கடைசிச் சீட்டை மட்டும் படிக்கவில்லை.

"அது உன்னப் பத்தி. அங்க வந்து கேளு," என்றாள்.

கர்ட் ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினான். முதல் சுரங்கப்பாதை வந்தது. சின்ன வயதில் அப்பா வண்டியில் போகும்போது மூன்று பிள்ளைகளும் சுரங்கம் முடியும் வரை மூச்சை அடக்குவார்கள். டேரில்தான் எப்போதும் பாதியில் தோற்பான். மார்சி பழக்க தோஷத்தில் கன்னத்தை உப்பிக்கொண்டு மூச்சை அடக்கினாள். வெளிச்சம் வந்ததும் சொல்லிவிடுவது என்று கர்ட் முடிவு செய்தான்.

வெளிச்சம் வந்தது. அவள் மூச்சை விட்டுச் சிரித்தாள். மூன்று மாதமாக அவள் சிரித்து அவன் பார்க்கவில்லை. அவனால் முடியவில்லை.

வழியில் ஓர் ஓய்விடத்தில் காப்பிக்கு நிறுத்தினார்கள். இறங்கியதும் கர்ட் வண்டியைப் பூட்டினான். கதவை இழுத்தும் பார்த்தான்.

"அடேயப்பா, எப்பலேருந்து பூட்ட ஆரம்பிச்ச? உள்ள இருக்கறது நாலு பழைய கையுறையும் ஒரு குடையும்," என்றாள் மார்சி.

அவன் காப்பிக் கடையை நோக்கி நடந்தான்.

காப்பியை வைத்துக்கொண்டு அவள் ஊர்க் கதையைச் சொன்னாள். மாதா கோயிலில் அவள் உட்காரும் வரிசையில் இப்போது யாரும் உட்காருவதில்லை. பட்டணத்து ஆட்கள் அவளைப் பிடித்துப் பொம்மையாட்டம் ஆட்டுகிறார்கள் என்று ஊரில் பாதிப் பேர் பேசுகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரி, நீலுக்குச் சவப்பெட்டியின் தலைமாட்டில் நின்று அழுதவள், இன்று வீட்டு முன்னால் "என் துப்பாக்கி, என் உரிமை" என்று பலகை நட்டிருக்கிறாள். இப்போதும் சனிக்கிழமை தோறும் மார்சிக்குச் சூப் கொண்டுவந்து கொடுக்கிறாள். பலகையைப் பற்றி இருவரும் பேசிக்கொள்வதில்லையாம். இப்படித்தான் இருக்கிறது எங்கள் ஊர்.

"நீயும்தான் போன வருஷம் இதே மசோதா வேண்டாம்னு வேட்டைக் கிளப் கடுதாசில கையெழுத்துப் போட்ட," என்றாள்.

"போட்டேன்."

"அப்படியும் இன்னிக்கு என்கூட வந்திருக்க பாரு. அதான் எனக்குப் பெருசு. ஒருத்தரும் வரலன்னாலும் நீ வந்த."

கர்ட் வாயைத் திறந்தான். "மார்ஸ்," என்று கூப்பிடவும் கூப்பிட்டான்.

"என்ன?"

அவன் கோப்பையின் மூடியைத் திறந்து மறுபடி மூடினான். அவள் அதைப் பார்த்துவிட்டு, "வாயில என்ன பிரோகிக் கொழுக்கட்டையா அடைச்சு வெச்சிருக்க? எழுந்திரு, நேரமாச்சு," என்று காப்பிக் கோப்பையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

*

தலைநகரத்தில் அந்த அறை நிரம்பி வழிந்தது. ஒரு பக்கம் மசோதாவை ஆதரித்துப் பச்சை ரிப்பன் குத்தியவர்கள். மறுபக்கம் வேட்டைக்காரர்களின் ஆரஞ்சுத் தொப்பிகள். தொப்பியைக் கழற்றச் சொன்னதால் மடியில் வைத்துக்கொண்டிருந்தார்கள். கர்ட்டின் தொப்பியும் அதே ஆரஞ்சுதான், வீட்டு ஆணியில் தொங்குகிறது. அவன் பச்சைப் பக்கம், மார்சிக்கு நேர் பின்னால் உட்கார்ந்தான்.

அவளுக்கு முன்னால் பேசியவள் மசோதாவை எதிர்ப்பவள். வயதானவள், வடக்கு மலைப்பக்கத்துப் பண்ணைக்காரி. அம்மாவின் சாவுக்காகப் பத்து நாள் வெளியூர் போயிருந்தபோது வீட்டில் திருடு போனதாம். திரும்பி வந்தும் துப்பாக்கி அலமாரியைத் திறந்து பார்க்க இன்னும் ஒரு வாரம் ஆகிவிட்டதாம். அம்மாவையும் பறிகொடுத்து, வீட்டுப் பொருளையும் பறிகொடுத்த என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவீர்களா, திருடன் உங்களிடம் வந்து புகார் எழுதிக் கொடுப்பானா என்று கேட்டாள். கேட்டதில் நியாயம் இருந்தது. மார்சியும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு மார்சியைக் கூப்பிட்டார்கள். நீலின் பெயர் வந்த இடத்தை நினைத்தபடியே வேகமாகச் சொல்லிக் கடந்துவிட்டாள். அந்த வெள்ளிக்கிழமை தான் போய்ச் சேர இருபது நிமிஷம் தாமதமானதைச் சொன்னாள். அந்த மாதிரி துப்பாக்கி காணவில்லை என்று சுற்றியுள்ள நாலு கவுண்டிகளில் ஒரு புகார்கூட இல்லை என்று போலீஸ் சொன்னதைச் சொன்னாள். பிறகு கடைசிச் சீட்டை எடுத்தாள்.

"நான் துப்பாக்கிக்கு எதிரி இல்ல. துப்பாக்கி இருந்த வீட்லதான் வளந்தேன். என் அண்ணனும் தம்பியும் வேட்டைக்குப் போறவங்க. எல்லாரும் அவங்கள மாதிரி இருந்தா இந்தச் சட்டமே வேண்டாம். எவனோ ஒருத்தன் தன் துப்பாக்கி எங்க போச்சுன்னு தேடாம இருந்துட்டான். அவன் கெட்டவன்னு நான் சொல்லல. மறந்திருப்பான். சோம்பல் பட்டிருப்பான். ஆனா அவன் ஒரு ஃபோன் பண்ணியிருந்தா என் வீட்டுக்காரர் இன்னிக்கு உயிரோட இருந்திருப்பார்."

கர்ட் தன் இரண்டு கைகளையும் முழங்காலுக்கு நடுவே இறுக்கிக்கொண்டான்.

குழுவில் இருந்த ஒரு பெரியவர், மசோதாவை எதிர்ப்பவர், மெதுவாகவே பேசினார். அவளுடைய துக்கத்துக்கு முன்னால் தான் தலை வணங்குவதாகச் சொன்னார். ஆனால் மலைப்பக்கத்தில் ஒரு வீட்டில் பத்துப் பன்னிரண்டு துப்பாக்கி இருக்கும், பாதி கேம்ப்பில் இருக்கும், ஒன்று காணாமல் போனால் ஒரு வேட்டைக்காரனுக்கு மூன்று நாளில் எப்படித் தெரியும் என்று கேட்டார்.

"உங்க சகோதரர்களையே எடுத்துக்குங்க அம்மா. நாளைக்கு அவங்களுக்கே இப்படி ஆனா, அவங்களக் குற்றவாளின்னு சொல்லச் சம்மதிப்பீங்களா?"

மார்சி திரும்பிக் கையை நீட்டினாள்.

"அதோ உக்காந்திருக்காரு என் அண்ணன். அவரையே கேளுங்க. இந்த நிமிஷம் அவரோட ஒவ்வொரு துப்பாக்கியும் எங்க இருக்குன்னு சொல்லுவாரு."

எல்லோரும் திரும்பினார்கள். பெரியவர் கண்ணாடியைத் தாழ்த்திக்கொண்டு கர்ட்டைப் பார்த்துப் புன்னகை செய்தார். "அப்படியா சார்?"

பேர் பதியாதவர்கள் பேச விதியில்லை, பதில் சொல்ல வேண்டாம் என்று குழுத் தலைவி சுத்தியலைத் தட்டினாள். அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.

கர்ட்டுக்கு உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. அப்படி இருந்ததே என்று வெட்கப்பட்டு, அந்த வெட்கம் தாளாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

*

வெளியே கல்படிகளில் நல்ல வெயில். மார்சிக்குப் பசித்தது. தள்ளுவண்டியில் இரண்டு ஹாட் டாக் வாங்கி வந்து ஒன்றை அவனிடம் நீட்டினாள். யார் யாரோ வந்து கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். அந்தப் பண்ணைக்காரி கூட வந்து அவளைக் கட்டிக்கொண்டு, ஒன்றும் பேசாமல் போனாள்.

"நீல் இருந்தா கிண்டல் பண்ணியிருப்பாரு. ஆர்டர் சீட்டுல எழுதி வந்து சட்டமன்றத்துல படிச்ச மொத ஆளு நீதான்னு," என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு வாய் கடித்தாள்.

மணி ஒன்றரை. சாயங்காலத்துக்குள் அவள் வீட்டுக்குப் போய்விட்டால், வாசலில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அந்த மனிதர் நிற்பார். கர்ட் தன் ஹாட் டாக்கைப் படியில் வைத்தான்.

"மார்ஸ். அந்தத் துப்பாக்கி நம்ம அப்பாவோடது."

அவள் மென்றுகொண்டிருந்ததை விழுங்கினாள். "எந்தத் துப்பாக்கி?"

"மார்ச் மாசத்துது."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். தங்கள் வீட்டில் யாரும் இப்படி விளையாடமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

"கறுப்பா?"

"ம்."

"நீல் வார் தெச்சுக் குடுத்ததா?"

நீல் தோல் வேலை தெரிந்தவன். அந்தத் துப்பாக்கியின் தோள்வார் அறுந்தபோது, இரண்டு கோடைக்கு முன், அவன்தான் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து சிவப்பு நூலில் தைத்துக் கொடுத்தான். கர்ட் ஆமென்று தலையசைத்தான்.

மார்சி கையிலிருந்ததைக் காகிதத்தில் சுற்றினாள். நிதானமாகச் சுற்றி, கைப்பைக்குள் வைத்து, பையை மூடினாள். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"எங்க இருந்துச்சு?"

"என் வண்டில. சீட்டுக்குப் பின்னால."

"எப்ப போச்சு?"

"அக்டோபர்."

"தேடினியா?"

"டேரில் வீட்லதான் இருக்கும்னு நெனச்சேன். அவன் என்கிட்ட இருக்கும்னு நெனச்சிருக்கான்."

அவள் விரலை மடக்கிக்கொண்டே வந்தாள். நவம்பர், டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி, மார்ச். ஐந்தாவது விரலில் நிறுத்தி, மடங்கிய கையை அப்படியே மடியில் வைத்துக்கொண்டாள்.

"கிறிஸ்துமஸ் அன்னிக்கு டேரில் உன் பக்கத்துலதான் உக்காந்திருந்தான்," என்றாள். "நான்தான் பரிமாறினேன்."

கர்ட் அழுதான். ஐம்பத்திரண்டு வயது ஆள், கல்குவாரியில் இயந்திரம் பழுது பார்ப்பவன், அப்பா செத்தபோதுகூட ஊர் முன்னால் அழாதவன். மார்சி அழவில்லை. அவன் தோளைத் தொடவும் இல்லை.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"நேத்து சாயங்காலம். போலீஸ் வந்தாங்க. இன்னிக்கு எல்லாக் குடும்பத்துக்கும் சொல்லப்போறாங்க."

"நாலு மணி நேரம் வண்டில வந்தோம்."

"சொல்லத்தான் பாத்தேன்."

"நீ நல்லவன்னு என்ன ஊரறிய சொல்ல விட்டுட்டு, பின்னால உக்காந்து கேட்டுட்டு இருந்த."

படியில் மனிதர்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். பச்சை ரிப்பன் குத்திய ஒருத்தி மார்சியைப் பார்த்துக் கையசைத்தாள், மார்சியும் பதிலுக்குக் கையசைத்தாள்.

பிறகு எழுந்து உடையைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"உள்ள மூணு மணி வரைக்கும் நடக்கும். போய் பேரக் குடு."

"மார்ஸ்…"

"என்னத் தவிர இன்னும் ஆறு குடும்பம் இருக்கு. அவங்க வீட்டுக்குப் போலீஸ் போறதுக்கு முன்னால, உன் வாயால வரட்டும். போ."

*

பெயர் பதியும் மேஜையில் இருந்த பெண் ஒரு தாளை நீட்டினாள். பெயர், ஊர். அதற்குக் கீழே மூன்று கட்டங்கள்: ஆதரவு, எதிர்ப்பு, தகவல் மட்டும். கர்ட் பேனாவைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றான். போன வருஷக் கையெழுத்து நினைவுக்கு வந்தது. என் வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்று எவனும் கேட்கக் கூடாது என்று கிளப்பில் எழுந்து நின்று பேசியதும் நினைவுக்கு வந்தது. ஒன்றும் குறிக்காமலே தாளைத் திருப்பிக் கொடுத்தான். அந்தப் பெண் பார்த்துவிட்டு வாங்கி வைத்துக்கொண்டாள்.

இரண்டரைக்கு அவனைக் கூப்பிட்டார்கள். அறையில் பாதி காலி. மார்சி கடைசி வரிசையில், கதவோரம் நின்றாள்.

"என் பேரு கர்ட் பாவ்லிக். வெல்லர்மில். காலைல பேசினாங்களே, அவங்களோட அண்ணன். அவங்க என்னப் பத்திச் சொன்னது தப்பு. அவங்களுக்கு அப்போ தெரியாது."

மைக்கை விட்டு முகத்தைத் தூரமாக வைத்திருந்தான். கிட்டே வந்து பேசும்படி தலைவி சொன்னாள்.

"மார்ச் மாசம் ஏழு பேரச் சுட்டது எங்கப்பாவோட துப்பாக்கி. என் வண்டிலதான் இருந்துச்சு. நான் பூட்டல. அது காணோம்னு அக்டோபர்லயே பாத்தேன். தம்பி வீட்ல இருக்கும்னு விட்டுட்டேன். அவ்வளவுதான் சொல்ல வந்தேன்."

செத்த ஏழு பேரின் பெயரையும் சொன்னான். மூன்று பேர் அவனோடு பள்ளியில் படித்தவர்கள். நீலின் பெயரைக் கடைசியில் சொன்னான்.

காலையில் புன்னகை செய்த அந்தப் பெரியவர் இப்போது புன்னகை செய்யவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, தாளில் எதுவும் குறிக்கவில்லையே, நீங்கள் எந்தப் பக்கம் என்று கேட்டார். இந்தச் சட்டம் இருந்திருந்தால் அது நடந்திருக்காதா?

கர்ட் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான்.

"தெரியல சார். திருடினவன் திருடித்தான் இருப்பான். ஆனா எனக்கு ஒரு பயம் இருந்திருக்கும். தம்பிக்கு ஒரு ஃபோன் பண்ணி, உங்கிட்ட இருக்காடான்னு கேட்டிருப்பேன்."

அவன் எழுந்து வந்தபோது ஆரஞ்சுத் தொப்பிக்காரர்கள் காலை ஒதுக்கி வழி விட்டார்கள். ஒருவரும் அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை.

*

வண்டி நிறுத்தும் இடத்துக்கு மார்சி பத்தடி முன்னால் நடந்தாள். வண்டியை நெருங்கிய பிறகுதான் பேசினாள்.

"டேரில் என்ன சொன்னான்?"

"உங்கிட்டதான இருக்குன்னான். அதுக்கப்புறம் ஃபோன எடுக்கல. காலைல அவன் பொண்டாட்டியக் கேட்டேன். விடியறதுக்கு முன்னாடியே கேம்ப்புக்குக் கெளம்பிட்டானாம்."

"ஜூன் மாசத்துல என்ன வேட்டை?"

கர்ட்டுக்கு அது தோன்றியிருக்கவே இல்லை. தம்பிக்கும் தன்னைப் போலவே மனசு உடைந்திருக்கும் என்று மட்டும் நினைத்திருந்தான். இப்போது நேற்றைய ஃபோனை மனதுக்குள் திரும்ப ஓட்டிப் பார்த்தான். கேட்டதும் டேரில் ஏன் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தான்?

"சாவியக் குடு," என்றாள் மார்சி. "நான் ஓட்டறேன். கேம்ப்புக்குப் போறோம்."

கொடுத்தான். அவள் தான் உட்கார்ந்து வந்த பக்கத்துக் கதவைத் திறந்தாள். ஏறவில்லை. சீட்டின் பக்கத்தில் இருந்த நெம்புகோலை இழுத்து, சீட்டின் முதுகை முன்னால் சாய்த்தாள். பின்னால் இருந்த இடுக்கில் ஒரு குடை, பாட்டரி ஒயர், எண்ணெய்ப் பிசுக்கேறிய கையுறைகள். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தாள். காலி இடத்துக்குள் குனிந்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். காலையிலிருந்து அவள் முதுகு சாய்ந்திருந்தது இதன் மேல்தான்.

நிமிராமலே கேட்டாள்.

"இவ்வளவு இடம்தானா, கர்ட்?"